மின்சார ஸ்போர்ட்ஸ் காரின் உண்மையான ரேஞ்சைக் கணக்கிடுவது எப்படி: போர்ஷே டைக்கானை முன்வைத்து

போர்ஷே நிறுவனம் 2019 செப்டம்பரில் டைக்கான் காரை வெளியிட்டபோது, அதன் டர்போ வகைக்கு ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை முறைப்படி 381 முதல் 450 கி.மீ. வரை ரேஞ்ச், அதாவது ஒரே சார்ஜில் ஓடக்கூடிய தொலைவு, என்று அறிவித்தது. அதே காருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. தந்த எண் 201 மைல், அதாவது ஏறத்தாழ 323 கி.மீ. அதன்பின் போர்ஷேவின் ஏற்பாட்டில் ஏ.எம்.சி.ஐ. என்ற சோதனை நிறுவனம் அதே வகைக் காரை அமெரிக்கச் சாலைகளில் ஓட்டிப் பார்த்துச் சொன்னது 275 மைல், ஏறத்தாழ 443 கி.மீ. கார் ஒன்று, பேட்டரி ஒன்று, ஆனால் எண்கள் மூன்று. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஓட்டத்தை அளந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், உருளைகளின் மேல், 1,800 நொடிகள் நடக்கிறது. அந்த ஓட்டத்தின் மொத்தத் தொலைவு 23 கி.மீ.க்குச் சற்றே அதிகம்; சராசரி வேகம் மணிக்கு 46.5 கி.மீ. தான். உச்ச வேகம் 131 கி.மீ.யைத் தொட்டாலும் அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. இ.பி.ஏ. முறையின் நெடுஞ்சாலைப் பகுதியும் மணிக்கு 60 மைலைத் தாண்டுவதில்லை. ஆனால் வந்த விடையை ஏறத்தாழ 0.7 என்ற திருத்தக் காரணியால் பெருக்கிக் குறைத்துவிடுவதால், அதன் முடிவு பெரும்பாலும் ஐரோப்பிய எண்ணைவிடக் கடுமையாக இருக்கும். கார் வாங்குபவர் இரண்டு மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் போதும். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டிலிருந்து புறப்பட்டு எந்த ஊரில் சார்ஜுக்கு நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க இவை உதவா. அதற்கு வேண்டியது ரேஞ்ச் அன்று, மின்செலவு: நீங்கள் ஓட்டும் வேகத்தில், உங்கள் சக்கரங்களோடு, அன்றைய வானிலையில், 100 கி.மீ.க்கு உங்கள் கார் எத்தனை யூனிட் எடுக்கிறது என்ற எண்.

யூனிட் என்று இங்கே சொல்வது கிலோவாட் மணியை, அதாவது மின்கட்டண அட்டையில் வரும் அதே அளவை. அந்தச் செலவு தெரிந்துவிட்டால் மீதிக் கணக்கு ஒரே வரி: பேட்டரியில் பயன்படுத்தத்தக்க யூனிட்களைச் செலவால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். இதில் பலரும் இடறுவது ‘பயன்படுத்தத்தக்க’ என்ற இடத்தில்தான். விளம்பரத்தில் வருவது மொத்தக் கொள்ளளவு. பேட்டரியைக் காப்பதற்காக அதில் ஒரு பகுதியைக் கார் வெளியே விடுவதில்லை. முதல் தலைமுறை டைக்கானின் பெரிய பேட்டரி 93.4 யூனிட் என்றாலும் கைக்குக் கிடைப்பது 83.7, சிறிய பேட்டரியில் 79.2க்கு 71. 2024இல் வந்த மேம்படுத்தப்பட்ட மாடலில் பெரிய பேட்டரி 105 யூனிட், கைக்குக் கிடைப்பது 97. சிறியதில் 89க்கு 82.3 அளவு. கணக்கில் இரண்டாவது எண்ணையே எடுங்கள். காரைச் சில ஆண்டுகள் ஓட்டியாகிவிட்டது என்றால் அதிலும் சில விழுக்காட்டைக் குறைத்துக்கொள்வதே முறை. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போகாது என்பதே நிறுவனம் தரும் உத்தரவாதம். பொதுவாகப் பேட்டரி அந்த அளவுக்குத் தேய்வதில்லை என்றாலும், புதிய காரின் எண்ணைப் பழைய காருக்குப் போடுவது சரியன்று.

மின்சாரம் எங்கே போகிறது

அளக்கத் தொடங்குமுன், எந்த விடையை எதிர்பார்க்கலாம் என்பதைத் தாளிலேயே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. டைக்கானின் காற்றுத் தடைக் குணகம், சாதகமான சக்கரங்களோடு, 0.22, முகப்புப் பரப்பு 2.33 சதுர மீட்டர். ஓட்டுநரையும் சேர்த்து எடை 2,200 கிலோ, டயரின் உருளல் தடை எடையில் நூற்றில் ஒரு பங்கு, காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கொண்டு நான் போட்ட கணக்கில், காற்றைக் கிழித்துச் செல்ல மட்டும் 100 கி.மீ.க்கு ஆகும் செலவு, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 6.6 யூனிட், 130இல் 11.1, 160இல் 16.9, 200இல் 26.4. டயருக்கு ஆகும் செலவோ எந்த வேகத்திலும் ஏறத்தாழ 6 யூனிட்தான். ஆகவே 95 கி.மீ. வேகத்தையொட்டிக் காற்றும் டயரும் சமமாக நிற்கின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்துக்கும் விலை வாங்குவது காற்றுதான்.

மோட்டார், இன்வெர்ட்டர், கியர் ஆகியவற்றில் ஏற்படும் இழப்புக்காக மொத்தத்தை 0.89ஆல் வகுத்து, விளக்கு, கணினி, பம்ப் போன்றவற்றுக்கு ஒரு கிலோவாட் சேர்த்தால், பேட்டரியிலிருந்து போவது 100 கி.மீ. வேகத்தில் 15.2 யூனிட், 130இல் 20, 160இல் 26.3, 200இல் 37 என்று வருகிறது. 97 யூனிட் பேட்டரிக்கு இதை ரேஞ்சாக மாற்றினால் முறையே 638, 485, 369, 262 கி.மீ. மேம்படுத்தப்பட்ட டைக்கானில் பின்சக்கர இயக்க வகைக்குப் பெரிய பேட்டரியுடன் டபிள்யூ.எல்.டி.பி. எண் அதிகபட்சம் 678 கி.மீ. என்பதையும், இ.பி.ஏ. எண் 318 மைல், அதாவது 512 கி.மீ. என்பதையும் இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானில் பரிந்துரைக்கப்பட்ட வேகமான 130இல் சமதரையில் ஓட்டுபவருக்கு இ.பி.ஏ. எண் நெருங்கி வருகிறது. ஐரோப்பிய எண் கிட்டத்தட்ட 200 கி.மீ. தள்ளி நிற்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்களிடம் ஆழமாக வேரூன்றிய ஒரு நம்பிக்கையை இங்கே கேள்விக்கு உட்படுத்த வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் ரேஞ்ச் போய்விடும் என்று பெட்ரோல் கார் கற்றுத் தந்த பாடம் மின்சாரக் காருக்கு அப்படியே பொருந்தாது. 2,200 கிலோ எடையை நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவரச் சக்கரத்தில் ஆகும் ஆற்றல் கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு, 0.24 யூனிட். மீண்டும் நிதானமாக நிறுத்தும்போது ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் வழியாக அதில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. போகும்போதும் வரும்போதுமான இழப்பைக் கூட்டினால் ஒரு முறைக்கு 0.07, 0.08 யூனிட் அளவில் நிற்கும். முழு விசையில் செயல்திறன் குறையும் என்பதற்காக இதை இரட்டிப்பாக்கினாலும், பத்து முறை இப்படிப் பாய்ந்து நின்றதற்கான செலவு ஒன்றரை யூனிட். மாறாக, 80 கி.மீ. தொலைவை 130க்குப் பதிலாக 160 வேகத்தில் கடந்தால் கூடுதல் செலவு 5 யூனிட். சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்வது அல்ல ரேஞ்சைத் தின்பது. இடைவிடாத வேகமே தின்கிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. மேம்படுத்தப்பட்ட டைக்கானின் ரீஜென் அதிகபட்சம் 400 கிலோவாட் வரை திருப்பி எடுக்கும். அன்றாட ஓட்டத்தில் பிரேக் பிடிப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இதிலேயே முடிந்துவிடும் என்று போர்ஷே சொல்கிறது. ஆனால் 200 கி.மீ. வேகத்தில் முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினால், அந்தக் கணத்தில் அடக்க வேண்டிய திறன் 1,200 கிலோவாட்டை நெருங்கும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் பேட்டரிக்குப் போகும்; மற்றது பிரேக் டிஸ்க்குகளைச் சூடாக்கிக் காற்றில் கலந்துவிடும். ஆகவே விரைவாகக் கிளம்புவதற்குத் தயங்க வேண்டாம். தாமதமாகப் பிரேக் பிடிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

உங்கள் காரின் எண்ணை அளக்கும் முறை

காரின் திரையில் வரும் மீதி ரேஞ்ச் எண்ணைக் கொண்டு அளக்காதீர்கள். அது முந்தைய ஓட்டங்களைப் பார்த்து அடுத்த ஓட்டத்தை ஊகிக்கிற எண். நேற்று நகருக்குள் நிதானமாக ஓட்டியவருக்கு இன்று ஆட்டோபானில் அது மிகையான நம்பிக்கை தரும். பயணத் தொடக்கத்தில் சுழியாக்கிவிட்டுப் பார்க்கத்தக்க சராசரி மின்செலவே உங்களுக்கு வேண்டியது.

முதலில் டயர்கள் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். கதவருகே ஒட்டியிருக்கும் பட்டியலில் உள்ள அளவே அளவு. பிறகு இருபது கிலோமீட்டராவது ஓட்டி, பேட்டரி, கியர், டயர் எல்லாம் சூடேறிய பின்னரே கணக்கைத் தொடங்குங்கள். வாகன நெரிசல் குறைந்த நேரத்தில், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நெடுஞ்சாலைத் துண்டைத் தேர்ந்து, குரூஸ் கன்ட்ரோலை ஒரே வேகத்தில் நிறுத்தி, அதன் முடிவுவரை போய் அதே வழியில் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். இரண்டு திசைகளின் செலவையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஈடாகிவிடும்; காற்று வீசிய திசையின் பாதிப்பும் பெருமளவு குறைந்துவிடும். ஒரு திசை ஓட்டத்தை மட்டும் வைத்துச் சொல்லப்படும் மின்செலவு எண்களை நான் பொருட்படுத்துவதே இல்லை.

வேகத்தையும் சரியாக அறிய வேண்டும். ஐ.நா.வின் வாகன விதி 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்ட மட்டும், பத்து விழுக்காடும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை, இடமுண்டு. எனவே முள் 130 என்று காட்டும்போது கார் உண்மையில் அதைவிடச் சற்று மெதுவாகவே போய்க்கொண்டிருக்கும். ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கிலோமீட்டர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றினாலும், காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் வளர்வதால் செலவில் அது தெரியும்.

பேட்டரி விழுக்காட்டைக் கொண்டு சரிபார்க்க விரும்புவோர் நீண்ட ஓட்டத்தையே எடுக்க வேண்டும். 97 யூனிட் பேட்டரியில் ஒரு விழுக்காடு என்பது ஒரு யூனிட்டுக்கு மிக அருகில். பத்து விழுக்காடு மட்டும் குறைந்த ஓட்டத்தில், முழு எண்ணாக்கிக் காட்டுவதனாலேயே பத்தில் ஒரு பங்கு பிழை நேரலாம். ஐம்பது விழுக்காடு குறையும் அளவுக்கு ஓட்டினால் அந்தப் பிழை ஐம்பதில் ஒன்றாகச் சுருங்கும். 100, 130, 150 என்று மூன்று வேகங்களில் அளந்து ஒரு தாளில் குறித்துவைத்தால் போதும், இடைப்பட்ட வேகங்களுக்கான செலவை நீங்களே ஊகித்துவிடலாம். கோடையில் ஒரு முறை, குளிர்காலத்தில் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும்.

குளிர், காற்று, மலை, சக்கரம்

குளிர்காலத்தில் செலவு கூடுவதற்குப் பேட்டரியை மட்டும் காரணம் சொல்வது வழக்கம். காற்றும் கனக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை: 20 பாகையில் 1.20ஆக இருக்கும் அடர்த்தி சுழியில் 1.29 ஆகிறது, ஆகவே காற்றுத் தடை மட்டும் ஏழு விழுக்காடு உயர்கிறது. குளிர்கால டயரும் ஈரச் சாலையும் உருளல் தடையைக் கூட்டுகின்றன. உள்ளே சூடேற்றுவதற்கான செலவோ நேரத்தைப் பொறுத்தது, தொலைவைப் பொறுத்தது அன்று. ஹீட்டர் 3 கிலோவாட் எடுப்பதாகக் கொண்டால், மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் அது 100 கி.மீ.க்கு 2.3 யூனிட் கூட்டும். நகருக்குள் சராசரி 25 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 12 யூனிட் கூட்டும். பனிக்காலத்தில் நகருக்குள் குறுகிய ஓட்டங்களில் மின்செலவு திகைக்க வைப்பதன் காரணம் இதுதான். அந்த எண்ணைப் பார்த்து நெடும்பயணத்துக்கு அஞ்சத் தேவையில்லை. சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே காரைச் சூடேற்றிவிட்டால் முதல் அரைமணி நேரத்தின் சுமை மின் இணைப்பின் தலையில் போகும். முதல் தலைமுறை டைக்கானில், குறைந்த மின்சாரத்தில் உள்ளே சூடேற்றும் ஹீட் பம்ப் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. மேம்படுத்தப்பட்ட மாடலில் அது எல்லா வகைகளிலும் வருகிறது. பழைய காரை வாங்குவோர் அதில் ஹீட் பம்ப் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எதிர்க்காற்றின் வலிமையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 130இல் போகும்போது எதிரே மணிக்கு 20 கி.மீ. காற்று வீசினால், காற்றைப் பொறுத்தவரை கார் 150இல் போகிறது; காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து, செலவு 100 கி.மீ.க்கு 4 யூனிட் கூடும். வட ஜெர்மனியின் சமவெளியில் இது அபூர்வமான நிலை அன்று. புறப்படுமுன் வானிலை முன்னறிவிப்பில் மழையைப் பார்ப்பதுபோல் காற்றின் திசையையும் பாருங்கள்.

மலையேற்றத்தின் கணக்கு எளிது: 1,000 மீட்டர் உயரத்துக்குப் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 6.7 யூனிட், சமதரைச் செலவுக்கு மேலாக. ஆஸ்திரியாவில் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் விரும்பிப் போகும் குரோஸ்குளோக்னர் மலைச்சாலை, 757 மீட்டர் உயரத்திலுள்ள புரூக்கிலிருந்து 2,504 மீட்டர் உயர ஹோக்டோர் வரை ஏறுகிறது. அந்த ஏற்றத்துக்கு மட்டும் 11.7 யூனிட், 97 யூனிட் பேட்டரியில் 12 விழுக்காடு ஆகும். இறங்கும்போது இதில் பெரும்பகுதி திரும்பி வரும். எனவே உச்சியில் திரையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறான நிலையை: மலைமேல் இருக்கும் விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, காலையில் நூறு விழுக்காட்டோடு இறங்கத் தொடங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்கப் பேட்டரியில் இடமிருக்காது. அங்கே எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். டர்போவுக்கு 381 முதல் 450, டர்போ எஸ்ஸுக்கு 388 முதல் 412 என்று 2019இல் நிறுவனமே இடைவெளி விட்டுச் சொன்னதற்குக் காரணம் சக்கரமும் டயரும் மற்ற கூடுதல் வசதிகளுமே. 21 அங்குலச் சக்கரம் அழகுதான். அதன் விலையைச் சார்ஜ் போடும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஓட்டும் கையில் இருப்பது

டைக்கானில் ரேஞ்ச் மோடைத் தேர்ந்தால் கார் வேகத்துக்கு உச்சவரம்பு விதித்து, ஏர் சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, குளிரூட்டலைச் சிக்கனமாக்குகிறது. 2022 மாடல் ஆண்டு முதல், நான்கு சக்கர இயக்கமுள்ள வகைகளில் நார்மல், ரேஞ்ச் மோடுகளில் மிதமாக ஓட்டும்போது முன் மோட்டார் ஏறக்குறைய முழுவதும் துண்டிக்கப்படுகிறது. வீணாகச் சுழலும் இழப்பு அதனால் குறைகிறது. பழைய காரில் அதற்கான மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று விசாரிக்கலாம். ஆனால் ரேஞ்ச் மோடில் கிடைக்கும் பயனில் பெரும்பங்கு அந்த வேக வரம்பினால் வருவதே என்பது என் கருத்து. நார்மல் மோடிலேயே 150க்குப் பதில் 120இல் போகிறவர், ரேஞ்ச் மோடின் பெரும்பாலான பலனைக் கையோடு பெற்றுவிடுகிறார்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பல மின்சாரக் கார்கள் இழுத்துப் பிடிக்கும். போர்ஷே வேறு வழியில் போயிருக்கிறது: வழக்கமான அமைப்பில் காலை எடுத்தால் கார் தடையின்றி மிதந்து போகும், பிரேக் மிதியை அழுத்தினால்தான் ரீஜென் வேலை செய்யும். ஆற்றலைப் பேட்டரிக்குள் போட்டு மறுபடி வெளியே எடுப்பதைவிட வேகமாகவே வைத்திருப்பது சிக்கனம் என்பதால், நெடுஞ்சாலையில் இந்த ஏற்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது. முன்னால் நெரிசல் தெரிந்தால் முன்கூட்டியே காலை எடுத்துவிடுங்கள்.

நிதானம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 53 யூனிட் பேட்டரியும் 393 கி.மீ. அதிகாரபூர்வ ரேஞ்சும் கொண்ட முதல் டெஸ்லா ரோட்ஸ்டர் ஒன்று, 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ஒரே சார்ஜில் 501 கி.மீ. ஓடியது. நூறு கிலோமீட்டருக்குப் பதினொரு யூனிட்கூட ஆகவில்லை. ஸ்போர்ட்ஸ் காரை அந்த வேகத்தில் ஓட்ட யாருக்குப் பொறுமை இருக்கும் என்பது வேறு கேள்வி.

நெடும்பயணத்தைத் திட்டமிடுதல்

ஷ்டுட்கார்ட்டிலிருந்து ஹாம்பர்க் வரை ஏறத்தாழ 650 கி.மீ. போவதாக வைத்துக்கொள்வோம், 97 யூனிட் பேட்டரி, கோடைக்காலம், 130ஐ ஒட்டிய ஓட்டத்தில் உங்கள் அளவீடு 21 யூனிட். ஏ7 நெடுஞ்சாலையில் காசல் நகரம் ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவில் வருகிறது. அதுவரை செலவு 73.5 யூனிட், நூறு விழுக்காட்டோடு புறப்பட்டால் 24 விழுக்காடு மீதியோடு போய்ச் சேர்வீர்கள். மீதமுள்ள 300 கி.மீ.க்கு 63 யூனிட், அதாவது 65 விழுக்காடு வேண்டும்; பத்து விழுக்காடு கையிருப்போடு சேரத் திட்டமிட்டால் காசலில் 75 வரை ஏற்றினால் போதும். அதே பயணம் உறைபனிக் காலத்தில், செலவு 26 யூனிட் என்றால், காசலை ஆறு விழுக்காட்டோடு எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். காசலைச் சுற்றியுள்ள மலைப்பகுதி ஏற்றங்களை நினைத்தால் அப்படித் துணிய நான் சொல்லமாட்டேன். மேலும் ஒரே நிறுத்தத்தில் 90 விழுக்காடு வரை ஏற்ற வேண்டிவரும். எண்பதுக்கு மேல் சார்ஜ் வேகம் தளர்ந்துவிடுவதால் அது நேர விரயம். குளிர்காலத்தில் ஃபுல்டா அருகே ஒன்று, கோட்டிங்கனுக்கும் ஹனோவருக்கும் இடையே இன்னொன்று என்று இரண்டு சிறு நிறுத்தங்களே விரைவாக முடியும்.

சார்ஜரைக் காரின் வழிகாட்டியில் சேருமிடமாகக் குறித்துவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் போகிற வழியிலேயே பேட்டரி ஏற்ற வெப்பநிலைக்குக் கொண்டுவரப்படும். அதற்குச் சிறிது மின்சாரம் செலவாகும், ஆனால் குளிர்ந்த பேட்டரியோடு சார்ஜர் முன்னால் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி ஆட்டோபானுக்கே உரிய கேள்வி: வேகமாகப் போய் அதிகம் சார்ஜ் போடுவதா, மெதுவாகப் போய்க் குறைவாகப் போடுவதா? பெரிய பேட்டரியுள்ள மேம்படுத்தப்பட்ட டைக்கான், 320 கிலோவாட் வரை ஏற்றிக்கொண்டு, 10இலிருந்து 80 விழுக்காட்டை 18 நிமிடங்களில் எட்டுவதாக நிறுவனம் சொல்கிறது. அதாவது சராசரி 226 கிலோவாட். மேலே கண்ட செலவுக் கணக்கோடு இதைச் சேர்த்தால், 100 கி.மீ.க்கு ஓட்டமும் சார்ஜும் சேர்ந்த நேரம் 130 வேகத்தில் 51.5 நிமிடம், 160இல் 44.5, 200இல் 40. நல்ல சார்ஜர் இருக்கும்வரை வேகமே வெல்கிறது. வழியில் 50 கிலோவாட் சார்ஜர்தான் கிடைக்கும் என்றால் கணக்கு தலைகீழாகிறது: 130இல் 70 நிமிடம், 160இல் 69, 200இல் 74. அங்கே முப்பது கிலோமீட்டர் கூடுதல் வேகத்தால் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம்.

முதல் கணக்கையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 200இல் ஓட்டினால் 10 முதல் 80 விழுக்காடு வரையிலான சார்ஜ் 184 கி.மீ.க்கே வரும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாலையிலிருந்து விலகி, கேபிளை மாட்டி, மீண்டும் சேர ஐந்து நிமிடமாவது போகும். வேக வரம்புள்ள பகுதிகளும் லாரிகளும் சீரான 200ஐ எப்படியும் அனுமதிப்பதில்லை. அடிக்கடி வேகம் கூட்டிக் குறைப்பதில் பிரேக் இழப்பும் சேரும். நடைமுறையில் 140, 150ஐ ஒட்டியே ஆதாயம் கரையத் தொடங்கிவிடும் என்பது என் மதிப்பீடு.

வீட்டு மின்கட்டணத்தோடு ஒப்பிடும்போது இன்னொரு வேறுபாடு தெரியும். காரின் திரை காட்டுவது பேட்டரியிலிருந்து வெளியே போனதை மட்டுமே. வீட்டிலுள்ள ஏ.சி. (மாறுதிசை மின்னோட்ட) இணைப்பில் ஏற்றும்போது உள்ளமைந்த சார்ஜரிலும் கேபிளிலும் போகும் இழப்பு, பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவு, மீட்டரில்தான் தெரியும். டபிள்யூ.எல்.டி.பி. மின்செலவு எண் இந்த இழப்பையும் உள்ளடக்கியது. ஆகவே கையேட்டிலுள்ள மின்செலவை வைத்துப் பேட்டரியை வகுத்தால் ரேஞ்ச் குறைவாக வரும். திரை எண்ணை வைத்துக் கட்டணத்தைக் கணக்கிட்டால் தொகை குறைவாக வரும். ரேஞ்சுக்குத் திரை எண், செலவுத் தொகைக்கு மீட்டர் எண்.

கடைசியாக, பந்தயத் தடத்துக்கு எடுத்துச் செல்வோருக்கு. அங்கே 100 கி.மீ. கணக்கு பயன்படாது, சுற்றுக் கணக்கே வேண்டும். நூர்பர்க்ரிங்கின் நோர்ட்ஷ்லைஃப தடம் 20.8 கி.மீ.; டைக்கான் டர்போ ஜி.டி. 7 நிமிடம் 7.55 நொடியில் அதைச் சுற்றிவந்தது. அவ்வளவு வேகம் நம்மால் ஆகாது. எட்டரை நிமிடத்தில் சுற்றி, பேட்டரியிலிருந்து சராசரி 120 கிலோவாட் எடுத்தால்கூட ஒரு சுற்றுக்கு 17 யூனிட் போய்விடும், இதே தொலைவுக்கு நெடுஞ்சாலையில் ஆவது நான்கு யூனிட். முதல் சுற்று முடிந்ததும் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று பார்த்து, அதையே அலகாக வைத்து மீதிச் சுற்றுகளைத் தீர்மானியுங்கள். கடைசிச் சுற்றை நிதானமாக ஓட்டிப் பேட்டரியும் பிரேக்கும் குளிர இடம் கொடுங்கள். தடத்தை விட்டு வெளியேறும்போது அடுத்த சார்ஜருக்குப் போகத் தேவையானதைப்போல் இருமடங்கு கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் பந்தய ஓட்டத்தைக் கண்ட காரின் திரை அப்போது காட்டும் மீதி ரேஞ்ச் எண்ணைப் பொருட்படுத்தாமல், நீங்கள் முன்பே அளந்து தாளில் குறித்துவைத்த நெடுஞ்சாலைச் செலவைக் கொண்டு அந்தத் தொலைவைக் கணக்கிடுங்கள்.